டச்சுக்காரன் விட்டுப்போகாத பாரமானி

சென்ற மாதம் திருவனந்தபுரத்திலிருந்து எனக்கு ஒரு கையேடு தபாலில் வந்தது. வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். பழைய வானிலைக் கருவிகளைப் பற்றியது. இப்போது அவற்றைப் பராமரிக்கிறவர், நான் இன்னும் உயிரோடிருப்பதை யார் மூலமோ அறிந்து, “தங்கள் காலத்து அனுபவங்களை எழுதித் தந்தால் அடுத்த பதிப்புக்கு உதவியாக இருக்கும்” என்று ஒரு கடிதமும் வைத்திருந்தார்.

பதினான்காம் பக்கத்தில் ஒரு முடி ஈரமானியின் படம். காற்றில் ஈரம் ஏறினால் மனித முடி நீளும், காய்ந்தால் சுருங்கும். அந்த அசைவை ஒரு முள் காட்டும். அவ்வளவுதான் கருவி. படத்தின் கீழே இப்படி அச்சாகியிருந்தது: “இதில் பொருத்தப்பட்டிருப்பது சென்ற நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சுவிஸ் சீமாட்டியின் பொன்னிறக் கூந்தல். காலப்போக்கில் கறுத்துள்ளது.”

அந்த முடி எங்கள் கட்டடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த செல்லம்மையுடையது. காலப்போக்கில் கறுக்கவில்லை. பிறவியிலேயே கறுப்பு. முதல் வாக்கியம், கருவியில் தொங்கவிட்ட விளக்க அட்டைக்காக நான் எழுதியது. இரண்டாவது வாக்கியம் எனக்குப் பின்னால் வந்த அறிஞர் யாருடையதோ. கூந்தலின் நிறத்தைப் பார்த்து அட்டையைச் சந்தேகிப்பதற்குப் பதிலாக, அட்டையைப் பார்த்துக் கூந்தலின் நிறத்துக்குக் காரணம் கண்டுபிடித்திருக்கிறார். இந்த உத்தியோகத்தில் முன்னுக்கு வரக்கூடியவர்.

எனவே அனுபவங்களை எழுதுகிறேன். அடுத்த பதிப்புக்கு உதவுமா என்று தெரியாது.

நான் வேலையில் சேர்ந்தது 1947 ஆவணி, எங்கள் கணக்கில் கொல்லம் 1123 பிறந்த சில நாட்களில். திருவிதாங்கூர் தனிநாடா இல்லையா என்ற சந்தடி அப்போதுதான் அடங்கியிருந்தது. கீரிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன்னிடமிருந்த நாற்பத்து மூன்று பழைய வானிலைக் கருவிகளை அரசுக்குத் தானமாகக் கொடுத்தார். பெருந்தன்மை என்று எல்லோரும் சொன்னார்கள். பாதரசக் கருவிகளைக் கப்பலில் ஏற்றுவது பெரும்பாடு என்பதை யாரும் சொல்லவில்லை. அரசு அவற்றை நாகர்கோவிலில் வடசேரிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் வைத்தது. முன்னால் இரண்டு அறைகள் காட்சிசாலை. பின்னால் ஓடு போட்ட கொட்டகையில் பட்டறை. அணைக்கட்டு, விவசாயப் பண்ணை, கலங்கரை விளக்கம் என்று எங்கே மழைமானி ஒழுகினாலும், பாரமானி பிசகினாலும் எங்களிடம் வரும். ஊர்க்காரர்கள் அதை ‘மழக்கண்ணாடி ஆபீஸ்’ என்றார்கள். பணியாளர் மூன்று பேர். சூப்பிரண்டு ஆதிமூலம் பிள்ளை, பழுது பார்க்க நான், பெருக்க செல்லம்மை.

எனக்குத் திருவனந்தபுரத்தில் மூன்று மாதம் பயிற்சி தந்தார்கள். அதில் பெரும்பகுதி, ஏதாவது உடைந்தால் எந்தப் படிவத்தில் எழுதுவது என்பதைப் பற்றியது. உருப்படியாகக் கற்றது ஒன்று உண்டு. ஒரு கருவியைத் திறந்தால், மூடுவதற்கு முன் உள்பக்கத் தகட்டில் எஃகு ஊசியால் நாலு விஷயம் கீற வேண்டும்: தேதி, திறந்தவன் பெயர், செய்த வேலை, கருவி யாருடையது. வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு அது தெரியாது. அடுத்து திறக்கப்போகிறவனுக்காக எழுதுவது. ஐம்பது வருடம் கழித்துத் திறந்தாலும் அவனிடம் பொய் சொல்லக்கூடாது என்பது தொழிலில் ஒரு மரியாதை. எனக்குச் சிறு வயதிலிருந்தே எதற்கும் தேதி போடும் பழக்கம் உண்டு. செருப்பு வாங்கினால்கூட உள்ளே தேதி எழுதுவேன். அந்தப் பாடம் ஒரு நாளில் படிந்துவிட்டது.

ஆதிமூலம் பிள்ளையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பூதப்பாண்டியில் நல்ல வயல் உள்ள குடும்பம். முதல் பஸ்ஸில் புறப்பட்டுப் பத்தரை மணிக்கு அலுவலகத்துக்குள் நுழைவார். முதல் பஸ் ஏழு மணிக்கெல்லாம் நாகர்கோவில் வந்துவிடும். நடுவில் அந்த மூன்றரை மணிநேரம் எங்கே போனது என்பதை ஒன்பது வருடத்தில் நான் கண்டுபிடிக்கவில்லை. எட்டு பாரமானிகள் தொங்கும் அலுவலகத்துக்கு, வெயிலோ மழையோ, தினமும் குடையோடு வந்தார். குடையைச் சாத்தி வைத்துவிட்டு, ஒரு சிட்டிகைப் பொடி போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி ஒவ்வொரு கருவியின் முன்பும் நிற்பார். எதையும் தொடமாட்டார். மோதிர விரலால் கண்ணாடியில் ஒரு தட்டு மட்டும். பிறகு என்னைக் கேட்பார்:

“இன்னைக்கி எவன்வே அடங்காம நிக்குதான்?”

அதாவது, மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் அளவு காட்டும் பாரமானி எது என்று பொருள். பழைய கருவிகள் ஆளுக்கு ஒன்று சொல்லும். அதைக் குறித்து வைத்து, எது எவ்வளவு பிசகு என்று திருத்தக் கணக்குப் போடுவதுதான் முறை. ஆதிமூலம் பிள்ளைக்கு அது குடும்ப மானப் பிரச்சினை.

“ஒரு வீட்டுல எட்டு பிள்ளயளும் எட்டு விதமா பேசுனா, அந்த வீட்டுக்கு எவன்வே பொண்ணு குடுப்பான்? சரிபண்ணும்வே.”

வட்ட முகமும் முள்ளும் கொண்ட, பாதரசம் இல்லாத பாரமானிகள் ஆறு இருந்தன. அவற்றின் முதுகில் ஒரு சிறு திருகு உண்டு. தினமும் காலையில் சூப்பிரண்டு வருவதற்கு முன் ஆறின் முதுகையும் திருகி, ஆறு முள்ளையும் ஒரே இடத்தில் நிற்க வைப்பது என் முதல் வேலையாயிற்று. மீதி இரண்டும் பாதரசம். பாதரசம் திருகுக்குக் கட்டுப்படாது. அதனால் அவை மாறுபட்டுச் சொன்னால் கழுத்தில் ‘பழுது’ என்று ஒரு அட்டையைத் தொங்கவிடுவோம். பல நாள் அந்த வீட்டில் உண்மை பேசியது பழுது மட்டும்தான்.

அட்டைகள் எழுதுவதும் என் பொறுப்பு. என் கையெழுத்து நன்றாக இருக்கும். கொஞ்சம் வாசித்தவன் என்ற பெயரும் இருந்தது. இந்த இரண்டு தகுதிகளும்தான் என்னைக் கெடுத்தன.

துரை விட்டுப்போன முடி ஈரமானியில் முடி அறுந்திருந்தது. இப்படிப்பட்ட கருவிக்கு மெல்லிய, பொன்னிற ஐரோப்பியப் பெண்ணின் முடிதான் உத்தமம் என்று கையேடுகளில் இருந்தது. 1948இல் வடசேரியில் அதற்கு எங்கே போவது? செல்லம்மையிடம் கேட்டேன். “எடுத்துக்கிடும் சாறே, எனக்குக் கொறஞ்சா போவும்” என்று சீப்பிலிருந்தே நாலு இழை உருவித் தந்தாள். பொருத்தினேன். முள் அசையவில்லை. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது; ஈரமானி ராஜஸ்தானத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புத்தியில் பட்டது. எங்கள் நாட்டில் பிறந்த நாள் முதல் தலையில் தேங்காய் எண்ணெய் வைக்காத பெண் உண்டா? எண்ணெய் ஊறிய முடிக்குள் ஈரம் எப்படிப் புகும்? புத்தகம் எழுதிய ஐரோப்பியனுக்கு இந்தச் சிக்கல் கனவிலும் வந்திருக்காது. சலவைச் சோடா கலந்த இளஞ்சூட்டு நீரில் மூன்று நாள் ஊறப்போட்டு, அலசி, சிறு எடை கட்டித் தொங்கவிட்டு உலர்த்தி, மறுபடி பொருத்தினேன். முள் உயிர் பெற்றது. இன்றுவரை அசைகிறது என்று கையேடு சொல்கிறது.

நான் அட்டையில் ‘உள்ளூர் முடி, எண்ணெய் நீக்கப்பட்டது, 1948’ என்று எழுதினேன். சூப்பிரண்டு படித்துவிட்டு அட்டையைக் கிழித்தார்.

“வே தாணு, வடசேரிக்காரி முடியப் பாக்க எவன்வே வண்டி கட்டிட்டு வருவான்? சீமாட்டிண்ணு போடும்.”

“எந்த நாட்டுச் சீமாட்டி சார்?” என்று நான் கேட்டதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாமல், அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

“இங்கிலீஷ்காரிண்ணா இப்பம் காங்கிரஸ்காரன் சண்டைக்கு வருவான். சுவிஸ்ணு போடும். அவனுக்கு எவன்கிட்டயும் பகை கெடயாது.”

சீமாட்டிக்குக் கூட்டம் வந்தது. செல்லம்மை துடைப்பத்தோடு ஓரமாக நின்று, தன் முடியைப் பார்த்து மற்றவர்கள் வியப்பதை ரசிப்பாள். “எனக்க மாப்பிள்ள ஒருநாளும் இதப் பாத்து இப்பிடி நிண்ணதில்ல சாறே” என்பாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போன காலத்தில்தான், 1951 ஆனியில், மிக்கேல் வந்தான்.

குளச்சலுக்குக் கிழக்கே ஒரு மீனவத் துறையிலிருந்து வந்திருந்தான். துறையின் பெயரை எழுதவில்லை. நாற்பது வயதிருக்கும். அவனும் இன்னொருவனுமாக மூங்கிலில் தொட்டில் கட்டி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு பாதரசப் பாரமானியைத் தூக்கி வந்தார்கள். ஈட்டி மர நிறத்தில் பெட்டி, பித்தளைப் பூண். ஒரு காலத்தில் கரை தட்டிய கப்பலில் இருந்ததாம். அப்போதிருந்த பங்குச்சாமியார் அதைக் கேட்டு வாங்கிப் பள்ளியின், அதாவது மாதா கோயிலின், வாசல் சுவரில் மாட்டியிருக்கிறார். அளவுகோலில் இருந்த எண்கள் துறையில் யாருக்கும் தேவைப்படவில்லை. பெட்டி மரத்தில் பக்கவாட்டில் கத்தியால் ஒரு கீறல். அதற்குப் பெயர் மாதா கோடு. காலைப் பூசை முடிந்து வெளியே வரும்போது பாதரசம் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றால் அன்றைக்கு யாரும் கட்டுமரம் இறக்கக்கூடாது. அது ஊர்க்கட்டு.

காலையில் மட்டும் பார்ப்பது என்ற விதியைக் கேட்டு நான் அசந்துபோனேன். கடலுக்கு ஏற்றவற்றம் இருப்பதுபோல எங்கள் அட்சரேகையில் காற்றின் பாரத்துக்கும் தினசரி ஏற்றவற்றம் உண்டு. முற்பகலில் ஏறும், பிற்பகலில் இறங்கும். மாலையில் பார்த்தால் வெறும் வற்றத்தைப் புயலென்று நினைக்க நேரும். படித்த அலுவலகங்கள் பலவற்றில் தெரியாத இந்தச் சங்கதியை, எழுதத் தெரியாத ஒரு துறை பூசை நேரத்தோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தது.

“என்ன கேடு?” என்று கேட்டேன்.

“இது எப்பளும் புயலுண்ணே சொல்லுகு சாறே,” என்றான் மிக்கேல். “பதினேழு நாளா மரம் எறக்கேல்ல. வெளிய வந்து பாத்தா வானம் கழுவிக் கவுத்துன சட்டி மாதிரி கெடக்கு.”

“அப்பம் எறக்கலாம்லா?”

“எப்பிடி எறக்க? கோட்டுக்குக் கீழயாக்கும் நிக்கி. ஒருத்தன் எறக்குனா நாளைக்கி எவனும் கோட்ட மதிக்கமாட்டான். பிள்ளய கஞ்சிக்கி அழுகு. கட்ட மீறவும் பயம், கெடந்து சாவவும் பயம். நீங்கதான் ஒரு வழி செய்யணும்.”

குழாயின் உச்சியில் வெற்றிடம் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுக் குமிழ் புகுந்திருந்தது. அந்தக் காற்று மேலிருந்து அழுத்துவதால் பாதரசம் எப்போதும் தாழ்ந்தே நிற்கும். தலைக்குள் காற்று புகுந்தவன் எல்லாவற்றையும் தாழ்வாகவே சொல்வான் என்பதை எங்கள் அலுவலகத்திலேயே வேறு வகையில் நான் கண்டிருக்கிறேன்.

வேலை ஒன்பது நாள் பிடித்தது. குழாயைத் தலைகீழாக்கி, அடியிலுள்ள பித்தளைக் கிண்ணத்தைக் கழற்றி, பாதரசத்தை வடித்தேன். அழுக்குப் படலத்தை நீக்க மெல்லிய ஆட்டுத்தோலில் வைத்துப் பிழிந்தால், தோலின் மறுபக்கம் வெள்ளி வியர்வைபோலத் துளிகள் வரும். குழாயைக் கழுவி உலர்த்திய பிறகு, ஒரு சாண் பாதரசம் ஊற்றுவது, கரியடுப்பின் மேல் குழாயைச் சுழற்றிச் சுழற்றிச் சூடேற்றுவது, சுவரில் ஒட்டிய குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலேறி உடைவதைப் பார்ப்பது, ஆறவிட்டு அடுத்த சாண் ஊற்றுவது. அவசரப்பட்டால் குழாய் வெடிக்கும். சன்னலைத் திறந்து வைத்து, காற்றடிக்கும் பக்கமாக நிற்க வேண்டும். அப்படியும் அந்தப் புகை என் ஈறுகளில் சேர்ந்தது; நாற்பத்தைந்தாம் வயதில் எனக்குப் பல் ஆடத் தொடங்கியதற்கு அரசிடம் படிவம் இல்லை. வேலை முடிந்தால் ஒரு சோதனை உண்டு. குழாயை மெல்லச் சாய்க்க வேண்டும். பாதரசம் ஓடிவந்து உச்சியில் முட்டும்போது ‘கிண்’ என்று உலோகம் மோதும் ஓசை வந்தால் வெற்றிடம் சுத்தம். காற்றிருந்தால் அந்த ஓசை மழுங்கும்.

‘கிண்’ என்றது. மிக்கேல் சிலுவை போட்டுக்கொண்டான்.

கிண்ணத்தின் உள்மூடியில் எனக்கு முன்னால் இரண்டு பேர் கீறியிருந்தார்கள். செய்தவன், 1868 என்று. பிறகு கொழும்பில் பழுது பார்த்த ஒருவன், 1894 என்று. மூன்றாவதாக நான் கீறினேன்: “1951 ஆனி. காற்று நீக்கியது தாணு. துறைப் பள்ளிக்குச் சொந்தம். திருப்பிக் கொடுக்க வேண்டும்.” துறையின் பெயரும் அதில் உண்டு. மூடினேன். மறுநாள் எடுத்துப்போக வரும்படி மிக்கேலிடம் சொன்னேன்.

மறுநாள் பத்தரை மணிக்கு ஆதிமூலம் பிள்ளை அதன் முன் நின்றார். பொடி போட மறந்தார்.

“எங்க உள்ளதுவே இது?”

“குளச்சல் பக்கம் சார்.”

“குளச்சலா?” அவர் முகம் மலர்ந்தது. அடுத்த வாரம் ஒரு மந்திரி வருவதாக இருந்தது. “அப்பம் லந்தக்காரனுக்கதுல்லாவே! மார்த்தாண்ட வர்மா மகாராஜா டச்சுக்காரன அடிச்சுப் பிடிச்ச கடப்பொறமாக்கும் அது. அட்டை எழுதும்.”

“சார், அந்தப் போரு 1741. கப்பல்ல பாரமானி தொங்கவிடுத வழக்கமே அதுக்கு ஒரு தலமொற கழிச்சுத்தான் வந்தது. இதுல உள்ள 1868ண்ணு போட்டிருக்கு.”

“உள்ள போட்டிருக்கத வெளிய எதுக்குவே பேசுதீரு?”

“அவுங்க இன்னைக்கி எடுக்க வருவாங்க சார்.”

“மந்திரி வந்துட்டுப் போட்டும். ஒரு வாரம்.”

எழுதினேன். ‘கி.பி. 1741 குளச்சல் போரில் சரணடைந்த டச்சுத் தளபதியின் அறையிலிருந்து கைப்பற்றப்பட்ட பாரமானி.’ அப்போது என் வேலை தற்காலிகம், நிரந்தரமாக்கும் தாள் சூப்பிரண்டின் மேசையில் கிடந்தது என்று காரணம் சொல்லலாம். ஆனால் ‘தளபதியின் அறையிலிருந்து’ என்பதை அவர் சொல்லவில்லை. அந்த அறையைக் கட்டியவன் நான். வாக்கியம் மொட்டையாக இருந்ததால் சேர்த்தேன்.

மந்திரி வந்தார், அட்டையை இரண்டு முறை படித்தார், முன்னோரின் வீரத்தைப் பற்றிப் பேசினார். அத்தோடு அந்த ஒரு வாரம் ஐந்து வருடமாயிற்று.

மிக்கேல் மாதம் ஒருமுறை வருவான். சூப்பிரண்டு ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்வார். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறது. மேலிடம் மாறிவிட்டது. உங்கள் சாமியார் எழுதித் தரட்டும். சாமியாரின் கடிதத்தில் முத்திரை இல்லை. ஒருமுறை மிக்கேல் அட்டையை வாசிக்கச் சொல்லி என்னிடம் கேட்டான். வாசித்தேன்.

“இந்தத் தளபதி எவனாக்கும்?”

“அப்பிடி ஒருத்தன் கெடயாது.”

“இல்லாதவனுக்குக் குடுப்பிய, இருக்கவனுக்குத் தரமாட்டிய. கொள்ளாம் சாறே, ரொம்ப நல்லாருக்கு.”

வாய் மூடட்டும் என்று 1952இல் சூப்பிரண்டு அவனுக்கு ஒரு முள் பாரமானியைக் கொடுத்தனுப்பினார். தினமும் நான் முதுகைத் திருகித் திருகி வில் தளர்ந்துபோன ஆறில் ஒன்று. அதன் முகத்தில் புயல், மழை, மாற்றம், தெளிவு என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். மூன்று மாதத்தில் மிக்கேல் அதைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

“என்னடே, இதுவும் கேடா?” என்றார் சூப்பிரண்டு.

“கேடொண்ணுமில்ல எசமானே. முள்ளு இதுலயே நிக்கி. இது என்ன எழுத்துண்ணு சாமியாருகிட்ட கேட்டேன். மாற்றம்ணாரு. மழ பெய்தாலும் மாற்றம், வெயிலடிச்சாலும் மாற்றம். நமக்கு சர்க்காரு ஒண்ணு போதும், ரெண்டு எதுக்கு?”

1953 கார்த்திகையில் அந்தத் துறையின் இரண்டு கட்டுமரங்கள் திரும்பவில்லை. ஒன்றில் மிக்கேலின் மச்சினன் இருந்தான். பாரமானி சுவரில் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் கடலில் எல்லாக் காற்றும் பாதரசத்திடம் சொல்லிவிட்டு வருவதில்லை. அன்று காலை எங்கள் காட்சிசாலையில் அது எங்கே நின்றது என்பது என் நாட்குறிப்பில் இருக்க வேண்டும். இல்லை. மற்றவற்றோடு ஒத்துப்போகாததால் அன்று அதன் கழுத்திலும் ‘பழுது’ அட்டை தொங்கியது; அந்த அட்டை தொங்கும் நாட்களில் அளவு குறிப்பதில்லை என்பது விதி. அடுத்த மாதமும் மிக்கேல் வந்தான். பெட்டியின் முன் நின்று கோட்டைப் பார்த்துவிட்டுப் போனான். அவன் திட்டியிருந்தால் நான் அந்த இரவு தூங்கியிருப்பேன்.

1956 வந்தது. திருவிதாங்கூர் என்று அச்சடித்த தாளில் கொச்சியோடு சேர்ந்தபின் அதை அடித்துத் திருக்கொச்சி என்று எழுதி ஏழு வருடம் ஓட்டினோம். இப்போது அதையும் அடித்துச் சென்னை என்று எழுத வேண்டும். நவம்பர் ஒன்றாம் தேதி தெற்குத் தாலுகாக்கள் பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்கின்றன. அதற்கு முன் எங்கள் கருவிகளைப் பங்கு வைக்க ஐப்பசியில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் திருவனந்தபுரம், ஒருவர் சென்னை. வேலை செய்யும் கருவிகள் இங்கே இருக்கும், சரித்திர மதிப்புள்ளவை திருவனந்தபுரம் போகும் என்று ஏற்பாடு. சரித்திர மதிப்புள்ளவற்றோடு அவற்றை அறிந்த ஒரு அதிகாரியும் போகலாம். ஆதிமூலம் பிள்ளை புதுச் சட்டை தைத்திருந்தார். டச்சுத் தளபதிதான் அவருக்குப் பயணச்சீட்டு.

எனக்குக் கணக்கு எளிதாகத் தெரிந்தது. பாரமானி எல்லையைத் தாண்டினால், மிக்கேல் இனி வேறொரு மாநிலத்திடம் கேட்க வேண்டும். அவன் பேரன்தான் பதில் வாங்குவான்.

பட்டியலில் அந்த எண் வந்ததும், “இது நம்முடெ மகாராஜாவிண்டெ யுத்த முதல்” என்று திருவனந்தபுரத்துக்காரர் அதைப் போரில் கிடைத்த சொத்தாகப் பதியப் பேனாவை எடுத்தார். சென்னைக்காரர் கொட்டாவி விட்டார்.

“இது காட்சிசாலைக்குச் சொந்தமில்லை சார்,” என்றேன். “பழுது பார்க்க வந்தது. உள்ளே எழுதியிருக்கு.”

“பேசாம கெடயும்வே!” என்றார் சூப்பிரண்டு. “பழைய சாமான், தொறந்தா ஒடஞ்சிரும்.”

“யார் தொறந்தது இதுக்கு முன்னாடி?” என்று சென்னைக்காரர் கேட்டார்.

“நான்தான் சார்.”

“அப்போ நீங்களே தொறங்க.”

மற்றவரும் தலையசைத்தார்: “துறக்கட்டே.”

சுவரிலிருந்து இறக்கிச் சாய்த்தேன். ‘கிண்’ என்றது, ஐந்து வருடமாகியும் வெற்றிடம் சுத்தமாகவே இருந்தது. தலைகீழாக்கிக் கிண்ணத்தைக் கழற்றும்போது கொஞ்சம் பாதரசம் தரையில் சிந்தி உருண்டது. இரண்டு மாநிலங்களின் அதிகாரிகளும் வேட்டியையும் கால்சட்டையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். மூடியைத் துடைத்துச் சென்னைக்காரரிடம் கொடுத்தேன். அவர் சன்னலோரம் போய்ச் சத்தமாகப் படித்தார். 1868. 1894. பிறகு என்னுடையது, கடைசிச் சொல் வரை.

அவர் மூடியையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே?”

“ஆமா சார்.”

“எது நிஜம்?”

“உள்ளே இருக்கிறது சார்.”

திருவனந்தபுரத்துக்காரர் அந்த எண்ணைப் பட்டியலில் அடித்துவிட்டு, மெல்ல மற்ற அட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்வை ஈரமானியில் நின்றது. ஆதிமூலம் பிள்ளை பாய்ந்து முன்னால் வந்தார்: “அது ஆதாரத்தோட உள்ளது சார்! சுவிஸ்!” வாசலில் துடைப்பத்தோடு செல்லம்மை நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒரே நாளில் இரண்டு உண்மை சொல்லும் திராணி எனக்கு இல்லை. சீமாட்டி திருவனந்தபுரம் போனாள். கூடவே சூப்பிரண்டும் போய், அவளைக் காட்டியே நல்ல பெயரோடு ஓய்வு பெற்றார்.

“போனா போட்டு சாறே,” என்றாள் செல்லம்மை பிறகு. “நானோ அந்த ஊரப் பாக்கப் போறதில்ல. எனக்க முடியாவது பாக்கட்டு.”

எனக்குக் கிடைத்தது ஒரு குறிப்பாணை: ‘அரசுக் காட்சிப்பொருளுக்குப் பொய்யான விவரம் எழுதியமைக்காகக் கண்டிக்கப்படுகிறார்.’ என் பணிப்பதிவேட்டில் இருக்கும் ஒரே கண்டனம் அது. ஒரு எழுத்துக்கூடத் தவறில்லை.

அந்த வாரமே பாரமானியைத் தலைகீழாகக் கட்டிப் பஸ்ஸில் மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு துறைக்குப் போனேன். அப்படித்தான் கொண்டுபோக வேண்டும். கண்டக்டர் என்னைப் பித்தன் என்று நினைத்திருப்பார். பள்ளி வாசல் சுவரில் பழைய ஆணி அப்படியே இருந்தது. அதில் துரு பிடிக்காமல் யாரோ எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. கொஞ்சம் பாதரசம் சிந்திவிட்டதால் மட்டம் இறங்கியிருந்தது. பழைய மாதா கோடு இனிச் செல்லாது. மூன்று காலை அங்கேயே தங்கி, பூசை முடிகிற நேரத்தில் அளவெடுத்துக் கணக்குப் போட்டேன். நாலாம் நாள் காலை ஊர் சுற்றி நிற்க, பழைய கோட்டுக்கு அரை விரல் கீழே கத்தியால் புதுக் கோடு கீறினேன். பிறகு பழக்க தோஷத்தில் கத்தி முனை பக்கத்தில் போயிற்று. எப்போது, யார், எதற்கு.

மிக்கேல் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“எழுத்து வேண்டாம் சாறே,” என்றான். “எழுதித்தான் இதக் கொண்டு போனிய.”

கத்தியை எடுத்துவிட்டேன். என் பணிக்காலத்தில் தேதி போடாமல் விட்ட வேலை அது ஒன்றுதான். என் நாட்குறிப்பிலும் அந்த நாள் இல்லை.